34 சதவீதம் என்று வந்தாலே காப்பி அடித்ததாகிவிடுமா?

பதினோராம் வகுப்பில் படிக்கும் மகளைப் பற்றி ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

வரலாற்றுப் பாடத்தில் மகள் இதுவரை 400-க்கு 312 வாங்கியிருக்கிறாள். மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதலாம் என்று ஆசிரியை 20 மதிப்பெண்ணுக்கு ஒரு கூடுதல் கட்டுரை கொடுத்தார். நீராவி எந்திரத்தைப் பற்றி 1,400 சொற்களில் மகள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து, “டர்னிடின் என்ற ஒப்பீட்டு மென்பொருள் 34 சதவீதம் ஒப்புமை காட்டுகிறது, இன்னொரு மென்பொருள் 72 சதவீதம் ஏஐ எழுதியது என்கிறது” என்று சொல்லி பூஜ்யம் போட்டுவிட்டார்கள். ‘கருத்துத் திருட்டில் ஈடுபட்டதை ஒப்புக்கொள்கிறேன்’ என்று அச்சடித்த படிவத்தில் கையெழுத்தும் கேட்கிறார்கள். ஏழு நாளில் துணை முதல்வருடன் சந்திப்பு. மகள் வீட்டில் சொன்னது: ஏஐ பயன்படுத்தவில்லை. ஆனால் இரண்டு பத்திகளை ஓர் இணையதளத்தைப் பார்த்து, வார்த்தைகளை மாற்றி எழுதினாள். அந்தத் தளத்தின் பெயரைக் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறாள். கல்லூரியில் படிக்கும் அண்ணன் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தான். தாய் கேட்பவை: “கட்டாயமில்லாத வேலைக்குத் தண்டனை உண்டா? பட்டியலில் பெயர் போட்ட பிறகு எப்படித் திருட்டாகும்? எல்லாவற்றையும் மறுத்துவிடச் சொல்லலாமா? அண்ணன் விஷயத்தை மறைத்துவிடலாமா? கணினியில் இருக்கும் கட்டுரையை அழித்துவிட்டால் நல்லதா?” கட்டுரையையும் டர்னிடின் அறிக்கையின் நகலையும் கடிதத்தோடு இணைத்திருக்கிறார்.

சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டுரையை அழிக்காதீர்கள். அந்தக் கோப்பைத் திறந்து ஒரு காற்புள்ளியைக்கூட யாரும் மாற்ற வேண்டாம். உங்கள் மகளுக்குச் சாதகமாகப் பேசக்கூடிய மிகப் பெரிய ஆதாரம் அதுதான். அழித்தது பின்னால் தெரிந்தால், சிறிய தவறு ஒன்று மறைக்கப்பட்ட பெரிய தவறாகத் தோன்றும். அதற்குப் பிறகு அவள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எல்லாவற்றையும் மறுக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதே சமயம், அந்தப் படிவத்தில் இப்போது இருக்கிறபடி கையெழுத்துப் போடவும் வேண்டாம். அவள் செய்ததை அவள் ஏற்க வேண்டும். செய்யாததை ஏற்கக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் அடுத்த ஏழு நாளில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை. பள்ளி இப்போது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது, நாம் அதை அவிழ்ப்போம்.

34 சதவீதத்துக்குள் என்ன இருக்கிறது

டர்னிடின் போன்ற மென்பொருள் திருட்டைக் கண்டுபிடிப்பதில்லை. இணையப் பக்கங்கள், ஆய்விதழ்கள், முன்பு மற்ற மாணவர்கள் சமர்ப்பித்த கட்டுரைகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, ஒரே மாதிரி வரும் சொற்றொடர்களுக்கு வண்ணம் தீட்டுகிறது, அவ்வளவுதான். அது ஏன் ஒத்துப்போகிறது என்பதை ஒரு மனிதர் படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த நிறுவனமே இதைத்தான் சொல்கிறது.

நீங்கள் அனுப்பிய அறிக்கையில் வண்ணம் தீட்டிய பகுதிகளைக் கூட்டினால் 476 சொற்கள் வருகின்றன. 1,400-இல் அது 34 சதவீதம். அதில் 120 சொற்கள் கடைசிப் பக்கத்து உசாத்துணைப் பட்டியல். 60 சொற்கள் ஆசிரியை கொடுத்த கேள்வியும் தலைப்புகளும், வகுப்பில் எல்லாருடைய கட்டுரையிலும் அவை இருக்கும். 110 சொற்கள் மேற்கோள் குறிக்குள், யார் சொன்னது என்ற குறிப்போடு முறையாக எடுத்தாளப்பட்டவை. இவற்றைக் கழித்தால் மிச்சம் 186 சொற்கள், அதாவது ஏறக்குறைய 13 சதவீதம். அந்த 186-இல் 36 சொற்கள் யார் எழுதினாலும் வரக்கூடிய பொதுவான தொடர்கள். மற்ற 150 சொற்களும் அந்த இரண்டு பத்திகளில் இருக்கின்றன.

பட்டியலையும் மேற்கோள்களையும் மிகச் சிறிய ஒப்புமைகளையும் கணக்கில் சேர்க்காமல் விடும் வடிகட்டிகள் அந்த மென்பொருளிலேயே உண்டு. உங்களுக்குத் தந்த அறிக்கையில் அவை போடப்படவில்லை. வடிகட்டிகளைப் போட்டு மறுபடி அறிக்கை எடுத்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். இதில் ஆசிரியையைக் குறை சொல்ல எதுவும் இல்லை, பலருக்கும் அந்த அமைப்பு இருப்பதே தெரியாது.

ஆனால் 13 சதவீதம் என்றால் தப்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இத்தனை சதவீதத்துக்குக் கீழே வந்தால் சரி என்று எந்தப் பொது அளவுகோலும் கிடையாது. மேற்கோள் நிறைந்த நேர்மையான கட்டுரை 40 காட்டலாம். ஒரே ஒரு பத்தியைத் திருடிய கட்டுரை 5 காட்டலாம். அதனால் சந்திப்பில் எண்ணை வைத்து வாதாடாதீர்கள். அந்த 150 சொற்களைப் பற்றிப் பேசுங்கள்.

அந்த இரண்டு பத்திகள்

இங்கே உங்கள் எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் தளத்தின் பெயரைப் போட்டது நல்ல விஷயம், மறைக்கும் நோக்கம் இல்லை என்பதற்கு அது சான்று. ஆனால் அது மட்டும் போதாது. எந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பதைப் பட்டியல் சொல்லாது. அதை அந்தந்த இடத்திலேயே குறிப்பிட வேண்டும். அதோடு, சொற்களுக்குப் பதில் சொற்களைப் போட்டு வாக்கியத்தின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்திருந்தால், குறிப்பு போட்டாலும் அது சொந்த நடை ஆகாது.

அவள் செய்தது எந்த வகை என்பதைத் தமிழில் ஒரு மாதிரியாகக் காட்டுகிறேன். மூலத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஒடுக்கக் கலன் என்பது நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கலன், நியூகொமன் எந்திரம் வாட்டுக்கு முந்தைய நீராவி எந்திரம்): “1769-இல் ஜேம்ஸ் வாட் காப்புரிமை பெற்ற தனி ஒடுக்கக் கலன், நியூகொமன் எந்திரத்தில் வீணாகிக்கொண்டிருந்த எரிபொருளைப் பெருமளவு மிச்சப்படுத்தியது.” இதை “வாட் 1769-இல் உரிமம் வாங்கிய தனி ஒடுக்கக் கலன், நியூகொமன் எந்திரத்தில் விரயமான எரிபொருளை வெகுவாகச் சேமித்தது” என்று எழுதினால் அது ஒட்டுவேலை. மூலத்தை மூடி வைத்துவிட்டு, புரிந்ததை எழுதினால் வேறு மாதிரி வரும்: “நியூகொமன் எந்திரத்தில் உந்துதண்டு (பிஸ்டன்) ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் உருளை சூடாகி, மறுபடி குளிர வேண்டியிருந்தது. நீராவியைக் குளிர்விக்கும் வேலையை வாட் வேறொரு கலனுக்கு மாற்றினார். உருளை சூடாகவே இருந்ததால் நிலக்கரிச் செலவு குறைந்தது.” இதற்கும் மூலக்குறிப்பு வேண்டும். ஆனால் இதில் எழுதியவளின் புரிதல் தெரிகிறது.

இத்தகைய ஒட்டுவேலைக்கு ஆங்கிலத்தில் ‘பேட்ச்ரைட்டிங்’ என்று பெயர். அமெரிக்க எழுத்துக்கல்வி ஆய்வாளர் ரெபெக்கா மூர் ஹோவர்ட் 1990-களின் தொடக்கத்திலிருந்து இதைப் பற்றி எழுதியிருக்கிறார். புதிய துறையின் மொழிக்குள் நுழையும் மாணவர்கள் கடந்துபோகும் ஒரு கட்டமாக இது இருக்கலாம், எல்லாவற்றையும் ஏமாற்று வேலையாகப் பார்க்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். நானும் அதையே நம்புகிறேன். உங்கள் மகள் செய்தது பிழை. ஆனால் வேறொருவர் கட்டுரையை வாங்கித் தன் பெயரைப் போடுவதும் இதுவும் ஒன்றல்ல. பெரும்பாலான பள்ளி விதிகளிலும் இந்த இரண்டுக்கும் தனித்தனி நிலைகள் இருக்கும். ‘மேற்கோள் பிழை’, ‘முதல் முறைத் தவறு’ போன்ற வகைகள் உங்கள் பள்ளியின் கையேட்டில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால், நீங்கள் கேட்க வேண்டியது அந்த வகையைத்தான்.

72 சதவீதம் ஏஐ என்ற குற்றச்சாட்டு

இதை உறுதியாக எதிர்க்கலாம். ஆனால் அதற்கு முன் இன்றிரவே மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். தங்கையின் கட்டுரையை அவன் எதில் திருத்தினான்? பேனாவால் திருத்தினானா, அல்லது மொத்தத்தையும் சாட்ஜிபிடி மாதிரி ஏதாவது ஒன்றில் போட்டு “ஆங்கிலத்தைச் சரிசெய்” என்றானா? இலக்கணம் திருத்தும் செயலி ஏதாவது வாக்கியங்களை முழுசாக மாற்றித் தந்ததா? “ஏஐ பயன்படுத்தவே இல்லை” என்று மகள் மனதார நம்பிச் சொல்லி, அண்ணன் வழியாக அது நடந்திருந்தால், சந்திப்பில் அவள் பொய் சொன்னவளாகிவிடுவாள். இந்த ஒரு விஷயம் தெளிவாகாமல் அந்த அறைக்குள் போகாதீர்கள்.

அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால், உங்களிடம் வலுவான வாதம் இருக்கிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, ஏஐ எழுத்தைக் கண்டறிய 2023 ஜனவரியில் ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் குறைவு என்று சொல்லி அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக 61 சதவீதத்தை அந்தக் கருவிகள் ஏஐ எழுதியவை என்று தவறாகச் சொல்லின. அடுத்து எந்தச் சொல் வரும் என்று எளிதாக ஊகிக்க முடிகிற எழுத்தை இந்தக் கருவிகள் சந்தேகிக்கின்றன. இரண்டாம் மொழியில் கவனமாக, தெரிந்த சொற்களையே வைத்து எழுதும் பிள்ளையின் நடை அப்படித்தான் இருக்கும். உங்கள் வீட்டில் பேசுவது தமிழ் என்பதை இந்த இடத்தில் தயங்காமல் சொல்லுங்கள். அதன் பிறகு வந்த கருவிகள் மேம்பட்டிருக்கலாம், அதனால் “இந்த மென்பொருள் எல்லாமே பொய்” என்று பேசாதீர்கள். “இந்த எண் மட்டும் ஆதாரமாகாது, வேறு என்ன ஆதாரம் இருக்கிறது?” என்று கேட்டால் போதும்.

அவள்தான் எழுதினாள் என்பதற்கான ஆதாரம்

கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால், கோப்பு மெனுவில் ‘பதிப்பு வரலாறு’ இருக்கும். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த வாக்கியம் சேர்ந்தது, எது அழிந்தது என்பதெல்லாம் அதில் தெரியும். மூன்று நாட்களில் தட்டுத் தடுமாறி வளர்ந்த கட்டுரைக்கும், ஒரே நிமிடத்தில் 1,400 சொற்கள் வந்து விழுந்த கட்டுரைக்கும் வித்தியாசம் பார்த்தவுடன் புரியும். இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. கோப்பை நகல் எடுத்து அனுப்பினால் வரலாறு கூடப் போகாது. பார்வையிட மட்டும் அனுமதி கொடுத்தாலும் பள்ளியால் வரலாற்றைப் பார்க்க முடியாது, திருத்தும் அனுமதி வேண்டும். அதனால் சந்திப்புக்கு மடிக்கணினியையே எடுத்துப்போய்த் திறந்து காட்டுவது நல்லது. முக்கியமான பக்கங்களை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்டில் எழுதியிருந்தால், ஒன்டிரைவில் சேமித்திருந்தால் பழைய பதிப்புகள் கிடைக்கும். கணினியில் மட்டும் சேமித்திருந்தால் கோப்பின் பண்புகளில் உருவாக்கிய தேதியும் மொத்தத் திருத்த நேரமும் இருக்கும். அது பலவீனமான ஆதாரம், ஆனாலும் ஆதாரம். கைப்பட எழுதிய குறிப்புகள், நூலகப் புத்தகம் எடுத்த பதிவு, அந்த நாட்களின் உலாவி வரலாறு, அண்ணனுக்கு அனுப்பிய முதல் வரைவு, அவன் திருப்பி அனுப்பிய வடிவம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு கோப்புறையில் போடுங்கள். குரோமின் வரலாற்றுப் பட்டியல் 90 நாட்கள் வரைதான் காட்டும், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எல்லாவற்றையும்விட வலுவான ஆதாரம் உங்கள் மகள்தான். “இந்தக் கட்டுரையைப் பற்றி எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள், எழுதிக் காட்டவும் தயார்” என்று அவளே சொல்லட்டும். அதற்கு முன் வீட்டில் ஒருமுறை கட்டுரையை வரி வரியாக உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். எங்கே திணறுகிறாள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அண்ணனின் உதவி

மறைக்காதீர்கள். முதல் வரைவையும் அவன் திருத்திய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எழுத்துப்பிழை, இலக்கணம் மட்டும் மாறியிருந்தால் அது பெரும்பாலும் ஏற்கத்தக்க உதவி. வாக்கியங்களையே அவன் எழுதியிருந்தால், அது வெளியுதவி. கூடுதல் பணிக்கான அறிவிப்பில் வெளியுதவி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எதுவும் எழுதவில்லை என்றால், அதையும் சந்திப்பில் குறிப்பிடலாம்.

கட்டாயமில்லாத பணிக்குத் தண்டனை உண்டா?

உண்டு. நேர்மை விதி, மாணவர் தன் பெயர் போட்டுச் சமர்ப்பிக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் உங்கள் கேள்விக்குள் நியாயமான ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 400-க்கு 312 என்றால் 78 சதவீதம். மொத்தம் 400-ஆகவே இருக்க, கூடுதல் 20 முழுசாகக் கிடைத்திருந்தால் 332, அதாவது 83 சதவீதம் ஆகியிருக்கும். பூஜ்யம் போட்டால் அதே 78-இல் நிற்க வேண்டும். ஆனால் மதிப்பெண் பதிவேட்டு மென்பொருளில் இதைச் சாதாரணப் பணியாக ஏற்றிவிட்டால், கணக்கு 420-க்கு 312 ஆகி, 74.3-க்கு இறங்கிவிடும். அப்படி யாரும் தண்டனை விதிக்கவில்லை, பதிவேற்றியதில் வந்த பிழை அது. உங்கள் மகளின் மதிப்பெண் பக்கத்தை இன்றே திறந்து, மொத்தம் 400-ஆ 420-ஆ என்று பாருங்கள். 420 என்றிருந்தால், குற்றச்சாட்டோடு கலக்காமல் தனி மின்னஞ்சலில் திருத்தக் கேளுங்கள்.

சந்திப்புக்கு முன்பும், சந்திப்பிலும்

நாளை காலை துணை முதல்வருக்கு நான்கைந்து வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், நன்றியும் நீட்டி முழக்க வேண்டாம். குற்றச்சாட்டு எழுத்தில் வேண்டும், எந்த விதிப்பிரிவின் கீழ் என்ற விவரத்தோடு. வடிகட்டிகள் போட்ட முழு அறிக்கை வேண்டும். ஏஐ கண்டறியும் மென்பொருளின் பெயரும் அதன் அறிக்கையும் வேண்டும். என்னென்ன தண்டனை சாத்தியம், இது நிரந்தரப் பதிவில் ஏறுமா, பிற்காலத்தில் கல்லூரிகள் கேட்டால் பள்ளி இதைத் தெரிவிக்குமா, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்றும் கேளுங்கள். தன்மேல் என்ன குற்றம் என்று தெரிந்துகொள்வதும், ஆதாரத்தைப் பார்ப்பதும், தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புப் பெறுவதும் எந்த நியாயமான விசாரணைக்கும் அடிப்படை. கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

படிவத்தை மறுபடி நீட்டினால், “படித்தேன், பெற்றுக்கொண்டேன், என் விளக்கம் இணைக்கப்பட்டுள்ளது” என்று எழுதி அதன் கீழ் மட்டும் கையெழுத்துப் போடலாம். விளக்கத்தை அவளே எழுத வேண்டும். நீங்களோ அண்ணனோ எழுதிக் கொடுத்தால், இந்தச் சூழலில் அதைவிடப் பெரிய கேடு இல்லை. அதில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு வடிவம் தருகிறேன்:

“என் கட்டுரையில் இரண்டு பத்திகளை ஓர் இணையதளத்தைப் பார்த்து, வாக்கிய அமைப்பை மாற்றாமல் எழுதினேன். தளத்தின் பெயரைப் பட்டியலில் கொடுத்தேன், அந்த இடத்தில் குறிப்பிடவில்லை. அது என் தவறு. மற்ற பகுதிகள் என் சொந்த எழுத்து. என் அண்ணன் இலக்கணப் பிழைகளைத் திருத்தினார், இரண்டு வடிவங்களும் இணைக்கப்பட்டுள்ளன. ஏஐ பயன்படுத்தவில்லை, கட்டுரையின் பதிப்பு வரலாற்றைக் காட்டத் தயாராக இருக்கிறேன். மதிப்பெண் இல்லாமல் அந்தப் பத்திகளைத் திருத்தி எழுதவும் விரும்புகிறேன்.”

அண்ணனின் பதிலைப் பொறுத்து ஏஐ பற்றிய வரி மாற வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சந்திப்பில் முதலில் அவள் பேசட்டும். நீங்கள் குறிப்பெடுங்கள். அன்று மாலையே “இன்று பேசியதை நான் புரிந்துகொண்டது இது” என்று ஒரு மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். ஆசிரியைக்கு இவள்மேல் ஏற்கெனவே வெறுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அந்தப் பேச்சை எடுத்தால் அறை முழுக்க ஆசிரியைக்குத் துணையாக நிற்கும், அந்த 150 சொற்கள் பெரிதாகிவிடும்.

எதை ஏற்கலாம், எதற்குப் போராட வேண்டும்

கூடுதல் 20 மதிப்பெண் போனால் போகட்டும், அதற்காகச் சண்டை வேண்டாம். திருத்தி எழுதச் சொன்னாலோ, எச்சரிக்கைக் கடிதத்தைப் பள்ளிக்குள்ளேயே வைத்துக்கொண்டாலோ ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஏஐ குற்றச்சாட்டோடு சேர்த்து ‘திருட்டு’ என்று நிரந்தரப் பதிவில் ஏற்றினாலோ, பாடத்தில் முழுவதுமாகத் தோல்வி என்று அறிவித்தாலோ, இடைநீக்கம் செய்தாலோ, கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். அந்தக் கட்டத்தில், பள்ளிச் சட்டம் தெரிந்த உங்கள் பகுதி வழக்கறிஞரைப் பார்ப்பதும் தேவைதான். முதல் சந்திப்புக்கே வழக்கறிஞரைக் கூட்டிப்போனால் பள்ளி தற்காப்பில் இறங்கிவிடும். மேல்முறையீட்டில் “தண்டனை கடுமை” என்று மட்டும் எழுதினால் நிற்காது. ஆதாரத்தைக் காட்டவில்லை, விதியில் உள்ள படிநிலையைப் பின்பற்றவில்லை, புதிய ஆதாரம் கிடைத்திருக்கிறது என்பவை போன்ற குறிப்பான காரணங்கள் வேண்டும்.

மகள் பள்ளிக்குப் போகவே பயப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரம் அவள் வகுப்பைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வராமல் இருப்பதைக் குற்ற உணர்வாகவே எடுத்துக்கொள்வார்கள். வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். தூக்கமும் சாப்பாடும் குறைந்தாலோ, “நான் இருந்து என்ன” என்கிற மாதிரிப் பேசினாலோ, விசாரணையைத் தள்ளிவைத்துவிட்டு அன்றே பள்ளியின் உளவள ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள்.

சந்திப்புத் தேதிக்கு முன் கேட்ட ஆவணங்கள் வரவில்லை என்றால், வந்து படித்துப் பார்க்க மூன்று வேலை நாளாவது தரும்படி எழுதி, தேதியைத் தள்ளிவைக்கக் கேளுங்கள்.